நாவலையும் அதன் திரைப்படத்தையும் சேர்த்து வாசித்தல்: வன்னியின் வாசகர் வட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புகழ்பெற்ற நாவல் ஒன்று திரைப்படமாக வந்தால் நம்மிடையே இரண்டு பேச்சுகள் எழும். நாவலை வாசித்தவர்கள் "புத்தகம் மாதிரி வரேல்லை" என்பார்கள். வாசிக்காதவர்கள் "படம் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். பெரும்பாலும் உரையாடல் அத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் செல்ல விரும்பும் சனசமூக நிலைய வாசிகசாலைகள், பாடசாலை நூலகங்கள், ஆசிரியர்கள், உயர்தர மாணவர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஆறு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு ஒன்றரை அல்லது இரண்டு மாதத்தில் செய்து முடிக்கக்கூடியதாக இதை அமைத்திருக்கிறேன்.

இதன் அடிப்படை ஒன்றே. எத்தனை இடங்கள் மாறியிருக்கின்றன என்று எண்ணுவதால் ஒரு தழுவலின் தரம் தெரியாது. நாவலின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் கண்டறிந்து, அந்த இடத்தைப் படம் என்ன செய்தது என்று கேட்க வேண்டும். அதோடு, ஒரு படத்தை எங்கிருந்து பார்க்கிறோம் என்பது அதை எப்படி ஏற்றுக்கொள்கிறோம் என்பதையும் தீர்மானிக்கிறது. ஆகவே வன்னியிலிருந்து பார்ப்பவரின் பார்வைக்கும் சென்னை விமர்சகரின் பார்வைக்குச் சமமான இடம் உண்டு. அதைப் பதிவு செய்யும் பொறுப்பு நம்முடையது.

மூலத்தை மாற்றுவது பற்றி நம் மண்ணுக்கு நீண்ட பழக்கம் உண்டு. மதுரையை எரித்த கண்ணகி சேரநாட்டு மலைக்குச் சென்றாள் என்று சிலப்பதிகாரம் சொல்லும். வற்றாப்பளைக்கு வந்து இளைப்பாறினாள் என்று நம் மரபு சொல்லும். முல்லைத்தீவில் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்த எவரும் இளங்கோவடிகளுக்குத் துரோகம் நடந்துவிட்டதாக எழுந்து போகவில்லை. அந்த மனப்பக்குவத்தைத் திரையரங்கு வரை கொண்டு செல்ல முடியும்.

முதலாம் படி: நாவலும் படமுமாக ஓர் இணையைத் தேர்ந்தெடுத்தல்

தழுவல்களில் மூன்று வகை உண்டு. மூலத்தின் காலத்தையும் களத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு சுருக்குவது முதல் வகை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்தது இதற்கு எடுத்துக்காட்டு. சிறிய நாவல் ஒன்றை எடுத்துப் பெருக்குவது, அல்லது அதில் ஓர் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு வேறு கதை சொல்வது இரண்டாம் வகை. பூமணியின் 'வெக்கை' 2019 இல் வெற்றிமாறனின் 'அசுரன்' ஆனதும், புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' 1979 இல் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' ஆனதும் இதற்குள் அடங்கும். கதையை வேறு நாட்டுக்கும் வேறு காலத்துக்கும் பெயர்த்து நடுவது மூன்றாம் வகை. ஜேன் ஒஸ்டின் 1811 இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' ராஜீவ் மேனனின் கையில் 2000 ஆம் ஆண்டில் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆயிற்று.

புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு 'வெக்கை'யையே பரிந்துரைப்பேன். சிறிய நூல் என்பதால் எல்லோரும் வாசித்து முடிப்பார்கள். கொலை செய்துவிட்டுத் தந்தையோடு ஓடும் பதினைந்து வயதுச் சிறுவன் காட்டிலும் மலையிலும் ஒளிந்து, சமைத்து, நீர் தேடிக் கழிக்கும் நாட்களே அந்த நாவலின் பெரும்பகுதி. காட்டையும் இடம்பெயர்வையும் அறிந்த நம் வாசகர்கள் அந்தப் பக்கங்களை மற்ற எவரையும் விட நுட்பமாக வாசிப்பார்கள் என்பது என் நம்பிக்கை. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் சுற்றுக்குரியது. அதற்குத் தனியாக நான்கைந்து மாதங்கள் ஒதுக்குங்கள்.

நம் நாட்டுப் படைப்புகளையும் மறந்துவிடக் கூடாது. நெடுந்தீவுக்கு வாடைக்காற்றுக் காலத்தில் வந்து வாடியமைக்கும் மீனவர்களைப் பற்றிச் செங்கை ஆழியான் எழுதிய 'வாடைக்காற்று' 1978 இல் திரைப்படமாயிற்று. காட்டுக் கிராமம் ஒன்றின் சேனை வாழ்வைப் பற்றி லெனார்ட் வுல்ஃப் 1913 இல் எழுதிய ஆங்கில நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'பெத்தேகம' என்ற பெயரில் சிங்களத்தில் படமாக்கினார். அந்தக் கதை தெற்கே அம்பாந்தோட்டைக் காட்டில் நடந்தாலும் வன்னியின் காட்டோரக் கிராமத்தவருக்கு அது அந்நியமாக இராது.

இரண்டாம் படி: நூலையும் படத்தையும் முறையாகப் பெறுதல்

'பொன்னியின் செல்வன்' முழுவதும் மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஈழத்து நூல்களை 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் தேடலாம். தொலைபேசித் திரையில் வாசிக்க முடியாத முதியவர்களுக்காக முக்கியமான அத்தியாயங்களை மட்டும் பிரதியெடுத்துக் கொடுத்தால் போதும்.

நெட்பிளிக்ஸ் போன்ற தளங்களின் சந்தா வீட்டுப் பாவனைக்கு மட்டுமே உரியது. மண்டபத்தில் பொதுவாகத் திரையிடுவதானால் உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் பார்த்துவிட்டு உரையாடலுக்கு மட்டும் கூடலாம்.

காலத்தையும் யோசித்து வையுங்கள். காலபோக அறுவடை முடிந்த பின்னரோ ஓகஸ்ட் விடுமுறையிலோ தொடங்கினால் வருகை குறையாது. மாரிகாலத்தில் தகரக் கூரை மண்டபத்தில் மழை கொட்டும்போது உரையாடல் ஒரு சொல்லும் கேட்காது.

மூன்றாம் படி: படத்தைப் பார்க்குமுன் நாவலை வாசித்தல்

இந்த வரிசையைக் குழப்ப வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' படத்தை முதலில் பார்த்தவருக்கு வந்தியத்தேவன் என்றால் கார்த்தியின் முகமும் நந்தினி என்றால் ஐஸ்வர்யா ராயின் முகமும் மனதில் பதிந்துவிடும். பிறகு நாவல் தரும் உருவத்தைத் தானாகக் கற்பனை செய்வது கடினம்.

வாசிக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு கொப்பியில் மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: கதையை யாருடைய கண்ணால் பார்க்கிறோம், எந்தக் காட்சியை எடுத்துவிட்டால் நாவல் விழுந்துவிடும், ஆசிரியரின் குரல் எங்கே நேரடியாகக் கேட்கிறது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் படத்துக்கு மாறும்போது முதலில் தொலைவது அந்தக் குரல்தான்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். கரை நெடுக மக்கள் கூடிக் களிக்கிறார்கள். ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்கள் வழியாகவும் நீர் பாய்வதைக் கல்கி சொல்லிச் செல்கிறார். அவசரப்படும் வாசகருக்கு இது வெறும் வருணனை. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் துருசு திறக்கும் நாளுக்காகக் காத்திருந்து வயல் செய்பவருக்கோ, அத்தனை வழியாகவும் நீர் போகிறது என்பது அந்த நாட்டின் செழிப்பையும் அதை ஆள்பவரின் திறமையையும் ஒரே வரியில் சொல்லிவிடும் செய்தி. எந்த நாட்டின் அரியணைக்காக இவ்வளவு சதியும் நடக்கப்போகிறது என்பதை அந்த நீர்தான் காட்டுகிறது. படம் இங்கே தொடங்கவில்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்கிவிட்டு, வந்தியத்தேவனின் பயணத்தையும் சோழநாட்டு நீர்வளத்தையும் ஒரு பாடலுக்குள் வைத்துவிடுகிறது. பாடல் அழகானது, ஆனால் நாவலில் ஆறுதலாக ஊறிவரும் செய்தி அதில் கண்ணுக்கு விருந்தாக மட்டுமே நிற்கிறது என்பது என் கருத்து. உங்கள் குழு இதற்கு நேர்மாறான முடிவுக்கும் வரலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து வந்தால் சரி.

நான்காம் படி: பார்த்தல்

முதல் முறை இடைநிறுத்தாமல், குறிப்பெடுக்காமல், புத்தகத்தைக் கையில் வைத்திருக்காமல் பார்க்க வேண்டும். "இந்த இடம் புத்தகத்தில இப்பிடியில்லை" என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். படத்துக்கு அதற்குரிய மரியாதையை ஒரு தடவையாவது கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாம் முறை முழுப் படமும் தேவையில்லை. தொடக்கக் காட்சி, முடிவுக் காட்சி, நாவலின் உயிர் என்று குழு குறித்துவைத்த ஒரு காட்சி ஆகிய மூன்றையும் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மின்சாரம் போனால் அந்த நேரத்தையே பேச்சுக்குப் பயன்படுத்தலாம். 1990 களில் மின்சாரமில்லாத வன்னியில் ஜெனரேற்றர் வைத்துப் படம் பார்த்த தலைமுறையினர் குழுவில் இருந்தால், அன்று எந்தப் படத்தை ஊர் எப்படிப் பார்த்தது என்று கேளுங்கள். வரவேற்பு என்ற விடயத்தில் அவர்களே நம்முடைய முதல் சாட்சிகள்.

ஐந்தாம் படி: நீக்கியதும் சேர்த்ததும் மாற்றியதும்

பெரிய தாளொன்றில் நான்கு நிரல்கள் போடுங்கள்: நீக்கப்பட்டவை, சேர்க்கப்பட்டவை, இடம்மாற்றப்பட்டவை, ஒரு பாத்திரத்திடமிருந்து இன்னொருவருக்குப் போனவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே "ஏன்" என்று எழுதி, அதற்கு விடை தேடுங்கள்.

சில விடைகள் கணக்கிலேயே இருக்கின்றன. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்கள் கொண்டது. இரண்டு படங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணித்தியாலம். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைக்கிறது. மணிமேகலை என்ற பாத்திரமே படத்தில் இல்லாமல் போனதை இந்த நெருக்கடியோடு சேர்த்து யோசிக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் நேரத்தின் மேல் போட்டுவிட முடியாது. நாவலில் பூமாலை கட்டும் சேந்தன் அமுதனே உண்மையான இளவரசன் மதுராந்தகன் என்று தெரியவருகிறது. முடி அவனுக்குச் சூட்டப்படுகிறது. படம் இந்தத் திருப்பத்தைக் கைவிட்டு, முன்பிருந்தே அரியணையை விரும்பிய மதுராந்தகனுக்கே இளவரசன் அருள்மொழி முடியை விட்டுக்கொடுப்பதாக முடிக்கிறது. தொடர்கதையின் மர்மம் போய், தியாகம் ஒன்று நேராக முன்னுக்கு வருகிறது. படத்தில் தனக்குப் போட்டியாக நின்றவனுக்கே ஒருவன் விட்டுக்கொடுக்கிறான். நாவலிலோ பதவியாசை இல்லாத பக்தன் ஒருவனுக்கு விட்டுக்கொடுக்கிறான். இரண்டும் வேறு வேறு தியாகங்கள். எது பெரியது என்ற கேள்வியை வைத்தே ஒரு மாலை முழுவதும் பேசலாம்.

'அசுரன்' இன்னொரு காரணத்தைக் காட்டுகிறது. தனிக் கதையாக விரியும் தந்தையின் இளமைக்காலம் நாவலில் இல்லை. நாவல் சிறுவனின் கண்ணோடு நகர்கிறது. படம் தந்தையைச் சுற்றிக் கட்டப்படுகிறது. தனுஷ் போன்ற நட்சத்திரம் தந்தையாக நடிக்கும்போது கதையின் மையம் அவரை நோக்கிச் சரிவது தமிழ்ச் சினிமாவின் நடைமுறை. ஆனால் வெற்றிமாறன் அந்தச் சரிவைப் பயன்படுத்தி, குடும்பப் பகையாக இருந்ததை நிலவுரிமையின் வரலாறாக விரித்தார். அதனால் கிடைத்தது பெரிது என்றே நினைக்கிறேன். ஆனால் காட்டில் தந்தையும் மகனும் அமைதியாகப் பகிர்ந்த நாட்கள் குறுகிவிட்டன; அந்த இழப்பும் சிறிதல்ல.

எல்லாவற்றிலும் அதிகமாக என்னை நிறுத்திவைப்பது எரிக் மரியா ரெமார்க் 1929 இல் வெளியிட்ட 'ஆல் குவயட் ஒன் த வெஸ்டர்ன் ஃபிரன்ட்' நாவலும், எட்வர்ட் பெர்கர் இயக்கி 2022 இல் வந்த ஜெர்மன் மொழிப் படமும். நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் போல் என்ற இளம் சிப்பாய் விடுமுறையில் வீட்டுக்கு வருகிறான். தாய் நோயில் கிடக்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் போரை எப்படி நடத்த வேண்டும் என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். தன் அறையிலிருக்கும் பழைய புத்தகங்களை எடுத்துப் பார்க்கிறான். அவை அவனோடு பேச மறுக்கின்றன. இறந்த நண்பனின் தாயிடம் சென்று, உன் மகன் வேதனையில்லாமல் உடனே இறந்தான் என்று பொய் சொல்கிறான். அவள் சத்தியம் கேட்கிறாள், அதையும் செய்கிறான். 2022 ஆம் ஆண்டுப் படத்தில் இந்த விடுமுறையே இல்லை. அதற்குப் பதிலாக, ஜெர்மன் அரசியல்வாதி எர்ஸ்பெர்கர் போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்திடும் அரசியல் காட்சிகள் சேர்க்கப்பட்டுள்ளன. நாவலில் 1918 ஒக்டோபரில், போர்முனை அமைதியாக இருந்த ஒரு நாளில் போல் இறக்கிறான். படத்தில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன்னர் நடக்கும் தாக்குதலில் இறக்கிறான். படத்தின் போர்க்களக் காட்சிகள் மிகுந்த ஆற்றலோடு எடுக்கப்பட்டவை. ஆனாலும், போருக்குள்ளிருந்து வீடு திரும்பியவன் வீட்டில் அந்நியனாக நிற்கும் அந்த அத்தியாயமே நாவலின் உயிர் என்று நான் கருதுகிறேன். அது இல்லாத படம் போரின் கொடூரத்தைச் சொல்கிறது, போர் ஒருவனை என்ன செய்துவிடுகிறது என்பதைப் பாதியில் விட்டுவிடுகிறது. நம்மிடையே இதைத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஆங்கிலம் வாசிக்கக்கூடிய ஒருவர் அந்த ஏழாம் அத்தியாயத்தை மட்டும் வாசித்து வந்து, தமிழில் குழுவுக்குச் சொல்லும்படி ஒழுங்கு செய்யுங்கள்.

இத்தகைய படத்தைத் தெரிவு செய்வதானால், அதில் என்னென்ன காட்சிகள் வருகின்றன என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். வராமல் இருப்பவரிடமும் இடையில் எழுந்து போகிறவரிடமும் காரணம் கேட்கக் கூடாது. தனியாக ஒருவரும் வீடு திரும்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வரவேற்பை வகைப்படுத்திப் படித்தல்

"படத்துக்கு நல்ல வரவேற்பு" என்ற வசனம் எதையும் சொல்வதில்லை. யாருடைய வரவேற்பு, எப்போதைய வரவேற்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 2022 ஆம் ஆண்டுப் படம் நான்கு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. நாவலின் தாய்நாடான ஜெர்மனியின் விமர்சகர்கள் பலர், மூலத்திலிருந்து விலகியதற்காக அதைக் கடுமையாகச் சாடினார்கள். அதே நாவலின் 1930 ஆம் ஆண்டு அமெரிக்கப் படம் சிறந்த படத்துக்கான ஒஸ்காரைப் பெற்றது. அந்த ஆண்டு டிசெம்பரில் பேர்லின் திரையரங்கில் நாசிகள் நாற்றக் குண்டுகளை வீசியும் வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டும் குழப்பம் விளைவிக்க, படமே அங்கு தடை செய்யப்பட்டது. ஒரே நாவலின் படங்களை ஒரே நாடு இரண்டு காலங்களில் முற்றிலும் வெவ்வேறு காரணங்களுக்காக மறுத்திருக்கிறது.

தமிழிலும் இப்படியே. 'பொன்னியின் செல்வன்' முதற்பாகம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றது. நாவலை வளர்த்தெடுத்த வாசகர்களில் பலர் வேகம் போதாமல் அல்ல, வேகம் கூடியதால் குறைப்பட்டார்கள். தமிழறியாத பார்வையாளர்களோ இத்தனை பெயர்களை எப்படி நினைவில் வைப்பது என்று தடுமாறினார்கள்.

வன்னியிலிருந்து பார்க்கும்போது சில படங்கள் முற்றாக வேறு பொருள் கொள்கின்றன. ஒஸ்டினின் நாவலில் கேணல் பிராண்டன் கீழைத்தேசங்களில் பணியாற்றிய பண்பான இராணுவ அதிகாரி. 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டே'னில் அந்தப் பாத்திரம், இந்திய அமைதிப் படையில் இலங்கைக்கு வந்து போரிட்டுக் கால் இழந்தவராக மாறுகிறது, மம்முட்டி நடித்திருக்கிறார். சென்னைப் பார்வையாளருக்கு அது பாத்திரத்தின் மீது இரக்கம் பிறக்கச் செய்யும் முன்கதை. 1987 முதல் 1990 வரை அந்தப் படை இருந்த மண்ணில் வாழ்ந்தவருக்கு அந்தத் தொடக்கக் காட்சியைக் கடந்து காதல் கதைக்குள் நுழைவது அவ்வளவு எளிதல்ல. அதேபோல, 'பொன்னியின் செல்வ'னின் இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றில் வந்தியத்தேவன் கடல் கடந்து மாதோட்டத்துக்கு வருகிறான். திருக்கேதீச்சரத்துக்குப் போய்வரும் நமக்கு அது அடுத்த ஊர். படத்தின் இலங்கைக் காட்சிகளில் சில தாய்லாந்தில் எடுக்கப்பட்டவை. நம் காட்டின் பாலை மரமும் வீரை மரமும் திரையில் இல்லையே என்று ஒருவர் சொன்னால் அதைச் சிறுபிள்ளைத்தனமாக எண்ணாமல் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பை வேறு எவரும் எழுத மாட்டார்கள்.

ஏழாம் படி: உரையாடலை நடத்துதல்

நாவலை வாசிக்காதவர்களை முதலில் பேச விடுங்கள். வாசித்தவர்கள் தொடங்கிவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். "படம் எப்பிடி?" என்ற கேள்விக்கு "நல்லம்" என்ற விடைதான் வரும். "அக்கா, எந்த இடத்தில உங்களுக்கு மனம் ஒட்டேல்லை?", "ஐயா, இந்தத் தகப்பன்ர இடத்தில நீங்கள் நிண்டா என்ன செய்திருப்பியள்?", "தம்பி, நீ எடுத்தா எந்தக் காட்சியை விட்டிருப்பாய்?" என்று கேளுங்கள். நாவலைக் காட்டி ஒருவரைத் திருத்துவதற்கு யாருக்கும் இடம் கொடுக்க வேண்டாம்.

எட்டாம் படி: எழுதிப் பதிவு செய்தல்

ஒருவர் அறுநூறு சொற்களுக்கு மேற்படாமல் எழுதினால் போதும். கதைச் சுருக்கம் ஒரு பத்தியைத் தாண்டக்கூடாது. நாவலின் உயிர் எது என்று முதலில் சொல்லுங்கள். அதைப் படம் என்ன செய்தது என்று ஒரே ஒரு காட்சியை விரிவாக எடுத்து நிறுவுங்கள். குழுவில் எழுந்த எதிர்க்கருத்தையும் நேர்மையாகச் சேருங்கள். எங்கே, எப்போது, யார் யாரோடு சேர்ந்து பார்க்கப்பட்டது என்பதை மேலே குறித்து, பிரதியொன்றை வாசிகசாலைக் கோவையில் வையுங்கள். பெயர் வெளியிட விரும்பாதவரின் பெயரை எழுத வேண்டாம்.

ஒன்பதாம் படி: நம் நாவலொன்றைப் படமாக்கிப் பார்த்தல்

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வெளிவந்தது. முல்லைத்தீவுத் தண்ணிமுறிப்பின் காட்டோர வாழ்வே அதன் களம். கதிராமனும் பதஞ்சலியும் வாழும் உலகத்துக்குள் பாடசாலை ஆசிரியர் சுந்தரலிங்கம் வருகிறார். இதுவரை பழகிய கேள்விகளை இந்த நாவலிடம் திருப்பிக் கேட்டு, குழுவாக ஒரு திரைக்கதைத் திட்டம் எழுதுங்கள். இரண்டரை மணித்தியாலத்தில் எதை விடுவீர்கள்? பதஞ்சலியின் கண்ணால் பார்ப்பதா, சுந்தரலிங்கத்தின் கண்ணால் பார்ப்பதா? பாத்திரங்களின் மனதுக்குள் நடப்பதாக நாவலாசிரியர் சொல்வதை நடிப்பால் காட்ட முடியுமா, பின்னணிக் குரல் வேண்டுமா? வன்னிப் பேச்சை அப்படியே வைத்தால் சென்னையில் விளங்குமா, விளங்கவேண்டும் என்று மாற்றினால் இங்கே யார் ஏற்றுக்கொள்வார்கள்? தொடக்கக் காட்சியை மட்டும் இரண்டு பக்கத்தில் முழுமையாக எழுதி, தண்ணிமுறிப்பிலோ குமுழமுனையிலோ பிறந்து வளர்ந்த மூத்தவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களை ஓரத்தில் குறித்துக்கொண்டு இரண்டாம் தடவை எழுதுங்கள்.